எதிரே இருப்பவர் பேசும்போது பாலையா



'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் தன் அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை மறந்தவர்கள் நம்மில் குறைவு. அந்தப் படத்தை வானொலியில் ஒலிச்சித்திரமாகக் கேட்டவர்களுக்கு அது முழுக்க முழுக்க நாகேஷின் காட்சி. காற்று வீசுவது, கதவு கிறீச்சிடுவது, யாரோ நடந்துவரும் காலடி என்று எல்லாச் சத்தமும் அவர் வாயிலிருந்தே வரும். நடுநடுவே எதிரே இருப்பவரிடமிருந்து ஒரு முனகல், ஒரு அரைச்சொல், அவ்வளவுதான். ஆனால் திரையில் பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த எதிரே இருப்பவரைப் பற்றித்தான் சொல்லத் தொடங்குவார்கள். சாவகாசமாக உட்கார்ந்து மகனின் கதையைக் கேட்க ஆரம்பித்த பெரியவர், கொஞ்சம் கொஞ்சமாகக் கண் விரிந்து, வாய் கோணி, கடைசியில் தன் வீட்டுக் கூடத்திலேயே பயந்து ஒடுங்கிப்போவார். அவருக்கு அங்கே வசனமே இல்லை என்று சொல்லலாம். அவர்தான் டி. எஸ். பாலையா. இன்று அவர் நடித்த சில வேடங்களைப் பற்றிப் பேசப்போகிறேன்.

இப்போதே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்த் திரையில் வசனம் பேசத் தெரிந்த மகா நடிகர்கள் பலர் இருந்தார்கள். அடுத்தவர் பேசுவதைக் கேட்கத் தெரிந்த நடிகர்களில் முதல் இடம் பாலையாவுக்கு. வில்லன், அப்பா, பண்ணையார், தவில்காரர் என்று அவர் போட்ட வேடங்கள் எத்தனையோ. எல்லாவற்றிலும் அவருடைய உச்சமான கணங்கள் மற்றவர் பேசும்போதோ பாடும்போதோதான் வருகின்றன.

பாலையா 1914-இல் தென்கோடியில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துச் சுப்பிரமணியபுரத்தில் பிறந்தவர். அந்தக் காலத்து நடிகர்கள் பலரையும் போல நாடகத்திலிருந்து சினிமாவுக்கு வந்தார். முதல் படம் 1936-இல் வந்த 'சதிலீலாவதி'. எஸ். எஸ். வாசன் எழுதிய கதை, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கம். எம்.ஜி.ஆருக்கும் என். எஸ். கிருஷ்ணனுக்கும் அதுதான் முதல் படம். ஒரே படத்தில் இந்த மூன்று பேரும் திரைக்கு வந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. பாலையாவுக்குக் கிடைத்தது கதாநாயகனைக் குடிக்கும் கூத்துக்கும் இழுத்துக் கெடுக்கிற கூடா நண்பன் வேடம். அடுத்த ஆண்டே 'அம்பிகாபதி'. தியாகராஜ பாகவதர் கம்பர் மகனாக நடித்த அந்தப் படத்தில் சூழ்ச்சிக்காரன் ருத்திரசேனனாக வந்தார். நாடு முழுக்க பாகவதர் பாட்டைப் பாடிக்கொண்டிருந்த நேரத்தில், அவருக்கு எதிரே நின்ற வில்லனின் பெயரும் ஜனங்கள் வாயில் தங்கியது. பிறகு வருஷக்கணக்கில் பெரும்பாலும் வில்லன் வேடங்கள்தான் வந்தன.

ஆனால் 1949-இல் வந்த 'வேலைக்காரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணாவின் கதை, ஏ. எஸ். ஏ. சாமி இயக்கிய ஜூபிடர் படம். கே. ஆர். ராமசாமி அதில் ஆனந்தன். தந்தையைச் சாகடித்த பணக்காரரைப் பழிவாங்கக் கத்தியோடு கிளம்புகிறான். அவனைத் தடுத்து, கத்தியை விட்டுவிட்டு மூளைக்கு வேலை கொடு என்று வழிகாட்டுகிற நண்பன் மணியாகப் பாலையா வருகிறார். பத்துப் பன்னிரண்டு வருஷம் பெரும்பாலும் கெட்டவனாகவே பார்த்துப் பழகிய முகத்தை, ஒரு இயக்கத்தின் பகுத்தறிவுக் குரலாக ஜனங்கள் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். இது சின்ன விஷயமில்லை. சிநேகிதனைக் கெடுக்கப் பயன்பட்ட அதே நெருக்கமான, காதோடு காதாகப் பேசும் தொனி, இங்கே சிநேகிதனைக் காப்பாற்றப் பயன்படுகிறது. ஆளை மாற்றிக் காட்ட அவர் ஒட்டுமீசையையும் ஒப்பனையையும் நம்பவில்லை. குரலில் எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்பதை மட்டும் மாற்றினார்.

அந்தக் குரலைப் பற்றி வானொலியில் பேசாமல் வேறெங்கே பேசுவது? கட்டபொம்மனுக்கும் கர்ணனுக்கும் ஏற்ற குரல் அல்ல அது. தொண்டையில் கொஞ்சம் அடைத்துக்கொண்டு, மூக்கைத் தொட்டுக்கொண்டு வரும். ஒரு வாக்கியத்தை வேகமாகத் தொடங்குவார், நடுவில் சட்டென்று நிறுத்துவார், கடைசிச் சொல்லை இழுப்பார். அந்த நிறுத்தத்தில் எதிரே இருப்பவரை ஒரு பார்வை பார்ப்பார், தான் சொன்னது எடுபட்டதா என்று. 'தூக்குத் தூக்கி'யில் வடநாட்டு சேட்டாக அரைகுறைத் தமிழ் பேசியபோதும், 'மதுரை வீர'னில் பொம்மியை அடையத் துடிக்கும் நரசப்பனாக வீராப்புப் பேசியபோதும் அந்த ஓரப் பார்வை இருக்கும். நரசப்பன் வில்லன்தான். ஆனால் அவன் பேச்சில் இருக்கிற பெருமையும் உள்ளே இருக்கிற பயமும் ஒரே நேரத்தில் தெரிவதால் கொட்டகையில் சிரிப்பு எழும். பிற்காலத்தில் பாலையா நகைச்சுவைக்கு மாறினார் என்று சொல்வதுண்டு. அவர் எங்கும் மாறவில்லை என்றே நான் நினைக்கிறேன். வில்லன் வேடத்திலேயே அந்த நகைச்சுவை இருந்தது.

'பாகப்பிரிவினை' 1959-இல் வந்தது. பீம்சிங் இயக்கம். சிவாஜி கை ஊனமான கண்ணையனாக நடித்த படம் என்றுதான் எல்லோருக்கும் நினைவு. அதில் அண்ணன் வைத்திலிங்கமாகப் பாலையா, தம்பியாக எஸ். வி. சுப்பையா. அண்ணன் கெட்டவர் இல்லை. வீட்டில் மனைவி ஓயாமல் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, வெளியிலிருந்து வந்தவன் மூட்டுவதையும் கேட்டு, தம்பியோடு பாகம் பிரிக்கும் நிலைக்கு வந்துவிடுகிற மனிதர். கூட்டுக்குடும்பத்தில் இப்படி ஒரு மூத்தவரைப் பார்க்காத ஊர் தமிழ்நாட்டில் இருக்காது. ரோஷம் இருக்கும், பாசமும் இருக்கும், வாயைத் திறந்து "வேண்டாம், நிறுத்து" என்று சொல்ல மட்டும் வராது. அந்தச் சொல்ல வராத நிலையை பாலையா தோளாலும் கழுத்தாலும் நடித்திருப்பார். சுப்பையா போன்ற உருக்கமான நடிகர் எதிரே இருக்கும்போது, தானும் அழுது போட்டி போடாமல் விறைப்பாகவே நின்று அந்தக் காட்சிக்குக் கனம் சேர்க்கிறார்.

இனி 'காதலிக்க நேரமில்லை'. 1964, ஸ்ரீதரின் படம், சித்ராலயா கோபுவின் நகைச்சுவை மணக்கும் வசனம். எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாகப் பாலையா. இந்தப் படத்தை ஒருமுறை அவரை மட்டும் கவனித்துப் பாருங்கள். படம் முழுக்க அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். வேலையிழந்த அசோக்காக வரும் ரவிச்சந்திரன் வீட்டு வாசலில் ஆட்களைக் கூட்டி வைத்துக்கொண்டு வேலை வேண்டும் என்று பாடுகிறார், விஸ்வநாதன் கேட்கிறார். மகன் சினிமா எடுக்கப் பணம் வேண்டும் என்கிறான், கேட்கிறார். பேய்க்கதை சொல்கிறான், அதையும் கேட்கிறார். பிறகு முத்துராமன் வயதான கோடீஸ்வரர் சிதம்பரமாக வேஷம் போட்டுக்கொண்டு வந்து உட்கார்கிறார். நேற்றுவரை எரிச்சலோடு விரட்டிய அசோக், இந்தப் பெரும் பணக்காரரின் பிள்ளை என்று விஸ்வநாதனுக்குத் தெரியவருகிறது. அங்கே பாலையா செய்வதைப் பாருங்கள். அசோக் என்ற பெயரின் கடைசியில் ஒரு 'ர்' ஒட்டிக்கொள்கிறது. மகன் என்ற சொல்லுக்கும் அதே மரியாதை கிடைத்துவிடுகிறது. முதுகு வளைகிறது. வீட்டுக்காரர் தன் சொந்த நாற்காலியிலேயே விருந்தாளியைப் போல நுனியில் உட்காருகிறார்.

ஒரு மனிதனுக்குப் பணத்தின் மேல் இருக்கிற ஆசை, அவன் நாக்குக்கு அவனையறியாமல் இறங்கிவருவதைக் கண்முன்னே காட்டுகிறார். ஆனாலும் அந்த மனிதரை நாம் வெறுப்பதில்லை. ஏனென்றால் அவர் பொய்யாகக் குழையவில்லை, கோடீஸ்வரர் முன்னால் உண்மையாகவே உருகிவிடுகிறார். அந்த உண்மைதான் பாலையாவின் திறமை. இந்தியில் இதே கதையை 'பியார் கியே ஜா' என்று 1966-இல் எடுத்தார்கள். அப்பாவாக ஓம் பிரகாஷும் மகனாக மெஹ்மூதும் பேய்க்கதைக் காட்சியைச் செய்தார்கள். இருவரும் பெரிய நடிகர்கள். அந்தக் காட்சியில் கேட்பவருக்குச் சொல்பவருக்கு நிகரான நடிகர் வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

பாலையாவின் சிறந்த வேடம் எது என்று கேட்டால் பலரும் விஸ்வநாதனைத்தான் சொல்வார்கள். நான் அதற்கும் ஒரு படி மேலே 'திருவிளையாடல்' ஹேமநாத பாகவதரை வைப்பேன்.

1965-இல் ஏ. பி. நாகராஜன் எடுத்த படம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் விறகு விற்ற படலமாக வரும் கதை. வடக்கேயிருந்து ஹேமநாதர் பாண்டியன் அவைக்கு வருகிறார், பாடுகிறார், என்னை வெல்ல இங்கே ஆள் உண்டா என்று சவால் விடுகிறார். அவருக்கு எதிராகப் பாட வேண்டியவர் பாண்டியன் அவைப் பாடகர் பாணபத்திரர். 'ஒரு நாள் போதுமா' பாட்டு. கே. வி. மகாதேவன் இசை, பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. பாடியவருக்கு அப்போது வயது முப்பத்தைந்து, வாயசைத்தவருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. அந்த இளங்குரல் அந்தப் பெரிய உடம்பிலிருந்துதான் வருகிறது என்று நாம் ஒரு கணமும் சந்தேகப்படுவதில்லை. ஒரு சங்கதி நன்றாக விழுந்ததும் வித்வான் தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கொள்வது போலத் தலையை ஆட்டி, சீடர்களைப் பார்த்து, பிறகு அரசனைப் பார்க்கிற வரிசை இருக்கிறதே, கச்சேரி மேடையை அருகே இருந்து பார்த்த நடிகருக்குத்தான் அது வரும். நம் வீட்டு வானொலியில் இந்தப் பாட்டு வரும்போது பாலமுரளியைக் கேட்கிறோம், கண்ணை மூடினால் தெரிவது பாலையா.

அந்தப் பாட்டு பாதிதான். அன்று இரவு, அவர் தங்கியிருக்கிற வீட்டுத் திண்ணையில் விறகு விற்பவன் வேடத்தில் சிவாஜி. 'பாட்டும் நானே' தொடங்குகிறது. கேட்கிறவர் ஹேமநாதர். இந்த வேடத்தை வெறும் தலைக்கனக்காரராக மட்டும் நடித்திருந்தால், அந்தப் பாட்டைக் கேட்டதும் அவர் பொறாமைப்பட வேண்டும், இல்லை வியந்து வாய்பிளக்க வேண்டும். பாலையாவின் முகத்தில் முதலில் வருவது இன்பம். நல்ல சங்கீதத்தைக் கேட்டால் வித்வானுக்கு வருகிற இன்பம். அதற்குப் பிறகே பயம் வருகிறது, அதற்கும் பிறகு அவமானம். பாணபத்திரர் சேர்த்துக்கொள்ள மறுத்த ஆள் நான் என்று விறகு விற்பவன் சொல்லும்போது, மறுக்கப்பட்டவனே இப்படிப் பாடினால் பாணபத்திரர் எப்படிப் பாடுவார் என்ற கணக்கு அவர் கண்ணில் ஓடுகிறது. இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போக முடிவு செய்கிறார்.

சங்கீதம் தெரியாதவனை அந்தப் பாட்டு தோற்கடித்திருக்க முடியாது. பாட்டின் உயரம் தெரிந்த காது அவருக்கு இருந்ததால்தான் தோற்றார். பாகவதரின் கர்வத்தையும் ஞானத்தையும் ஒரே ஆளுக்குள் வைத்து, ஞானத்தாலேயே கர்வம் உடையும்படி செய்தது பாலையாவின் கெட்டிக்காரத்தனம். சிவாஜி பிரபஞ்சத்தையே ஆட்டிவைக்கும் பாட்டுக்கு வாயசைத்தார். அந்தப் பாட்டு எவ்வளவு பெரியது என்று நமக்கு அளந்து காட்டியவர் கேட்டுக்கொண்டிருந்தவர்தான். கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கியில் 'திருவிளையாடல்' வசனத்தைப் போட்டு ஊரே கேட்ட காலம் ஒன்று இருந்தது. அப்படிக் கேட்டு மட்டுமே இந்தப் படத்தை அறிந்தவர்கள் இந்த ஒரு காட்சிக்காகவாவது திரையில் பார்க்க வேண்டும்.

'பாமா விஜயம்' பற்றியும் ஒரு சொல். கே. பாலசந்தரின் 1967 படம். வரவுக்கு மேலே செலவு செய்து நடிகைக்கு விருந்து வைக்கத் துடிக்கும் மூன்று மகன்களும் மூன்று மருமகள்களும், அவர்களுக்கு நடுவே கண்டிப்பான அப்பா பாலையா. மேஜர் சுந்தர்ராஜன், முத்துராமன், நாகேஷ் மூவரும் பிள்ளைகள். நன்றாக இருக்கும் படம்தான், ஆனால் அங்கே அப்பா புத்தி சொல்லும் இடத்தில் இருப்பதால் பாலையாவுக்கு வேலை கொஞ்சம் குறைவு என்பது என் எண்ணம். தவறு செய்யும் மனிதராக இருக்கும்போதுதான் அவர் முழுதாக விரிகிறார்.

அடுத்த ஆண்டு 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. சிக்கல் சண்முகசுந்தரத்தின் தவில்காரர் முத்துராக்காகப் பாலையா. நாதஸ்வர இசை மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்களுடையது. சிவாஜி அதை விரலாலும் கழுத்து நரம்பாலும் நடித்தார் என்று நாம் அறுபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்து தவில் தட்டுகிறவரைப் பற்றிப் பேசுவது குறைவு. கோபக்கார நாதஸ்வர வித்வானோடு காலமெல்லாம் பயணம் செய்யும் ஒரு பக்கவாத்தியக்காரருக்கு இரண்டு காதும் எப்போதும் திறந்திருக்க வேண்டும், ஒன்று வாசிப்புக்கு, இன்னொன்று அவருடைய கோபத்துக்கு. முத்துராக்கு அப்படித்தான் இருக்கிறார். சண்முகசுந்தரம் முகம் சுளித்தால் இவர் முகம் மாறுகிறது. 'நலந்தானா' பாட்டில் காயம்பட்ட சண்முகசுந்தரத்தைப் பத்மினி ஆடியபடியே நலம் விசாரிக்கிறார். மேடையில் இருக்கிற இரண்டு காதலர்களுக்கும் பேச வழியில்லை. அவர்களுக்கிடையே என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டு, தவிலை விடாமல் தட்டிக்கொண்டே கண் கலங்குகிறவர் முத்துராக்கு. அந்த இடத்தில் பத்மினியையும் சிவாஜியையும் பார்த்து முடித்ததும் நம் கண் தானாக அவரிடம் போகும்.

1972-இல், ஐம்பத்தெட்டு வயது நிறையும் முன்பே பாலையா மறைந்தார். முப்பத்தாறு வருஷம் திரையில் இருந்தார், பாகவதர் காலத்திலிருந்து நாகேஷ் காலம் வரை எல்லாப் பெரிய நடிகர்களுக்கும் எதிரே நின்றார். அவர் நடித்த படங்கள் இன்னமும் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருக்கின்றன. அடுத்த முறை வரும்போது ஒரு காட்சி முழுவதும் பேசுகிறவரை விட்டுவிட்டு, கேட்கிறவரைப் பாருங்கள். எந்தப் படத்தில் தொடங்குவது என்று கேட்டால் 'பாகப்பிரிவினை'யில் தொடங்கச் சொல்வேன். 'காதலிக்க நேரமில்லை', 'திருவிளையாடல்', 'தில்லானா மோகனாம்பாள்' மூன்றையும் எல்லோரும் பார்த்திருக்கிறோம், அந்த அண்ணனைத்தான் நாம் சரியாகப் பார்க்கவில்லை.