களிமண்ணும் கரும்பலகையும்
(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நாகூருக்குப் புலவர் கோட்டை என்றொரு பெயர் உண்டு. பாட்டுக் கட்டியவர்களின் பெயரை இவ்வூர் எளிதில் மறப்பதில்லை. ஆனால், கந்தூரிக் கொடி ஊர்வலத்தில் நாகையிலிருந்து கப்பல் உருவில் அசைந்து வரும் ஊர்திகளைப் பாருங்கள். மூங்கிலை வளைத்து, வண்ணத்தாள் ஒட்டி, பாய்மரம் நிறுத்திய கை யாருடையது? 131 அடி உயர்ந்து நிற்கும் பெரிய மினாராவை எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங் என்று வரலாறு சொல்லும். சாரத்தின் மேல் நின்று சுண்ணாம்பு பூசிய கொத்தனாரைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

எழுத்தாளன் தன் பெயரோடு பிறக்கிறான். ஓவியன் பெயரைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. காவிரிப் படுகையில் படம் வரையத் தெரிந்த சிறுவனுக்கு முன்னால் நெடுங்காலம் இரண்டு வழிகளே இருந்தன. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது ஒன்று. ஓவியத்தில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வைக் கீழ்நிலை, மேல்நிலை என்று எழுதித் தேறி, உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர் ஆவது மற்றொன்று. அந்த மாஸ்டரின் நிலையும் அனைவரும் அறிந்ததே. ஆண்டுத் தேர்வு நெருங்கினால் அவருடைய வகுப்பைக் கணக்காசிரியர் வாங்கிக்கொள்வார். ஆண்டு விழா வந்தால் மட்டும் மேடைத் திரைக்கு அவரைத் தேடுவார்கள். கரும்பலகையில் அவர் போட்ட மாம்பழமும் குடமும் அடுத்த மணி அடித்ததும் அழிக்கப்பட்டுவிடும். கற்பிப்பவன் கலைஞனாக இருக்க முடியுமா, கற்பித்தல் அவன் கலையைத் தின்றுவிடாதா என்னும் ஐயம் அந்தக் கரும்பலகையிலிருந்துதான் தொடங்குகிறது. இந்த அவையில் பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டே கவிதை எழுதுவோர் இருந்தால், அவர்களுக்கும் இந்த ஐயம் புதிதன்று.

இதற்கு வாழ்ந்து விடை சொன்னவர் சிற்பி எஸ். தனபால். 1919இல் மயிலாப்பூரில் பிறந்தவர். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளிக்கு, தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929இல் தலைமை ஏற்றிருந்தார். கடற்கரை உழைப்பாளர் சிலையைப் படைத்தவர் அவரே. அவரிடம் ஓவியம் பயின்ற தனபால் 1940களின் தொடக்கத்தில் அங்கேயே ஆசிரியரும் ஆனார். நடனமும் கற்று மேடையேறியவர் அவர். உடல் எந்த இடத்தில் எடையைத் தாங்குகிறது, எந்த இடத்தில் அதை விட்டுவிடுகிறது என்பதை ஆடியவன் அறிவான். ஓவியராகத் தேர்ச்சி பெற்றவர் பின்னாளில் சிற்பத்துக்குத் திரும்பியதற்கு இந்த அறிவும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

அவர் வடித்த பெரியாரின் தலையை நினைவுகூரலாம். தோலின் வழுவழுப்பை அதில் தேடிப் பயனில்லை. மண்ணை அப்பிய கட்டைவிரலின் தடமே அங்கு முகமாகியிருக்கிறது. திரு.வி.க.வையும் அவர் வடித்தார். சிலுவை சுமக்கும் ஏசுவையும் தாயையும் சேயையும் வடித்தார். இத்தனை இருந்தும், அவர் காலத்தின் பெரும்பகுதியைப் பிறர் கைகளே எடுத்துக்கொண்டன. ஒரு மாணவன் எழுப்பிய உருவத்தின் கழுத்து சாய்ந்தால், உள்ளிருக்கும் இரும்புக் கம்பியை எங்கே வளைக்க வேண்டும் என்று காட்ட ஆசிரியர் தம் மண்ணை ஈரத்துணியால் மூடிவிட்டுத்தான் போக வேண்டும். மூடிய மண் மூன்று நாள் கவனியாமல் கிடந்தால் வெடிக்கும். சிற்ப ஆசிரியரின் இழப்பு இப்படிக் கண்ணால் பார்க்கக்கூடிய இழப்பு. தனபால் இன்னும் நிறையச் செய்திருக்கலாம் என்று அங்கலாய்ப்பதில் நியாயம் இல்லாமலில்லை.

ஆயினும் மறுபக்கத்தையும் எடைபோட வேண்டும். சுவாமிமலையில் ஸ்தபதி வீட்டுப் பிள்ளைக்குத் தன் தொழில் எது என்ற கேள்வியே எழுவதில்லை. தென்னை ஓலை நறுக்கை மடித்துத் தாள அளவு எடுப்பதைத் தகப்பனிடம் பார்க்கிறான். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் காய்ச்சுவதைப் பார்க்கிறான். மெழுகுருவின் மேல் காவிரி வண்டலைப் பூசுவதைப் பார்க்கிறான். கேள்வி எழுவது மற்ற வீடுகளில்தான். திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரிலிருந்து 1959இல் ஓர் இளைஞன் சென்னைக்கு வந்தான். வரைய வேண்டும் என்ற தவிப்பைத் தவிரக் கையில் எதுவுமில்லை. தனபாலைக் கண்டான். அவர் வழிகாட்டக் கலைப்பள்ளியில் சேர்ந்தான். அவரே கே. எம். ஆதிமூலம். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் தீட்டிய நூற்றளவு கோட்டோவியங்களை அறியாத தமிழ் வாசகர் குறைவு. சிறுபத்திரிகைகளின் அட்டைக்கும் கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கும் அவருடைய கோடு துணை போயிற்று. தமிழ்ப் புத்தகத்தின் முகமே அந்தக் கோட்டால் மாறியது என்றால் மிகையாகாது. எழுத்தாளரும் ஓவியரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசிய காலம் அது. படுகையின் புஞ்சையில் பிறந்த ந. முத்துசாமியும் அத்திண்ணைக்காரர்தான்.

தனபால் 1972 முதல் 1977 வரை கல்லூரியின் முதல்வராக இருந்தார், 2000இல் மறைந்தார். ஆதிமூலம் 2008இல் மறைந்தார். அந்தக் கீராம்பூர் இளைஞனை வேறு வேலை பார்த்துப் பிழைத்துக்கொள் என்று திருப்பி அனுப்பியிருந்தால் தனபாலுக்கு இன்னும் சில சிற்பங்களுக்கான நேரம் கிடைத்திருக்கும். எது பெரிது என்று நிறுக்கத் தராசில்லை. ஆனால் அவர் எதைத் தேர்ந்தார் என்பது தெரியும். அவருக்கு அது தியாகமாகத் தோன்றியிராது. பிறன் கையில் ஒரு வடிவம் திரள்வதைக் காண்பதில் ஓர் ஆசை உண்டு. அது இல்லாதவர் எத்தனை ஆண்டு வகுப்பறையில் நின்றாலும் சம்பளக்காரரே. கவிஞர்களுக்குள்ளும் இந்த வேறுபாடு உண்டு. இளைஞன் கொண்டுவந்த தாளை வாங்கிப் படித்து ஒரு சொல்லை மாற்றித் தருபவரும் இருக்கிறார்; தம் தாளை எடுத்து வாசிக்கத் தொடங்குபவரும் இருக்கிறார்.

இன்று படுகைப் பிள்ளைகள் ஓவியம் படிக்கச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. கும்பகோணத்திலேயே அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. ஸ்தபதி மரபில் பிறந்து நவீன உலோகச் சிற்பத்துக்கு வந்த வித்யாசங்கர் ஸ்தபதி அங்கே ஆசிரியராக இருந்தவர். ஆனால் அந்தக் கல்லூரி வாயில்வரை பிள்ளையைக் கொண்டு சேர்ப்பவர் இன்றும் பள்ளியின் டிராயிங் மாஸ்டரே.

மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம். புலவர்களின் பட்டியலைத் திரட்டி வைத்திருப்பதுபோல, நாகூரிலும் நாகையிலும் ஓவியம் கற்பித்தவர்களின் பெயர்களையும், கந்தூரிக் கப்பல்களைக் கட்டியவர்களின் பெயர்களையும் ஓர் ஏட்டில் எழுதத் தொடங்கலாம். அவர்களிடம் படித்தவர்கள் இந்த அவையிலேயே சிலர் இருக்கக்கூடும். ஏடும் பேனாவும் வாயிலருகே வைக்கப்பட்டிருந்தால், கலைந்து செல்லும்போதே எழுதிவிடலாம்.