ஏற்றத்தில் நின்ற கார் பின்னால் உருளாமல் கிளம்புவது எப்படி?

இன்று நாம் பேசப் போவது காரைப் பற்றி. "எங்கள் வீட்டில் காரே இல்லையே, எங்களுக்கு எதற்கு இந்தப் பேச்சு?" என்று சிலர் எண்ணலாம். நம் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் பலர் ஜோகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். கையில் ஓட்டுநர் உரிமம் இருந்தால் நல்ல வேலைக்கு வழி பிறக்கும். இனி, வண்டியே ஓட்டாதவர்களும் ஏற்றப் பாதையில் நிற்கும் லோரியின் பின்னால் நடந்து போகிறவர்கள்தாம். ஆகவே இது எல்லோருக்கும் உரிய செய்தி.

சிங்கப்பூர் பெரும்பாலும் தாழ்வான நிலம். அங்குள்ள மிக உயரமான இயற்கைக் குன்றாகிய புக்கிட் தீமாவே ஏறத்தாழ 164 மீட்டர்தான். ஆனாலும் ஏற்ற இறக்கங்களுக்குக் குறைவில்லை. 'புக்கிட்' என்றால் மலாய் மொழியில் குன்று என்பது நமக்குத் தெரியும். புக்கிட் மேரா, புக்கிட் பாத்தோக், புக்கிட் பாஞ்சாங் என்று எத்தனை ஊர்கள்! நம்மவர்கள் அதிகம் புழங்கும் சிராங்கூன் சாலை சமதரை. ஆனால் தேக்காவிலிருந்து சற்றுத் தெற்கே போனால் மவுண்ட் எமிலி, மவுண்ட் சோஃபியா என்னும் குன்றுகள் வந்துவிடும். அங்கே வில்கி சாலை மேடேறிப் போகிறது. குன்றே வேண்டாம். பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஒரு மாடியிலிருந்து மறு மாடிக்குப் போகும் சரிவுப் பாதை போதும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அங்கே கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும்போதுதான் இந்தச் சிக்கல் எழுகிறது. முன்னே இருக்கும் கார் நகர்ந்தால் நாமும் நகர வேண்டும். ஆனால் பின்னே நிற்கும் காரின் மேல் மோதிவிடக் கூடாது.

கார் ஏன் பின்னால் உருள்கிறது? செம்பனைக் குலைகளை ஏற்றிய ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியை மேட்டில் தள்ளியவர்களுக்கு விடை தெரியும். சமதரையில் நிறுத்தினால் வண்டி சும்மா நிற்கும். மேட்டின் நடுவில் நிறுத்தினால் நம்மையே பின்னுக்குத் தள்ளும். பாரத்தின் ஒரு பங்கு சரிவின் வழியே கீழ்நோக்கி இழுப்பதுதான் காரணம்.

இதற்குக் கணக்கும் உண்டு. பத்து அடி தூரத்துக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில், வண்டியின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அதைப் பின்னுக்கு இழுக்கும். 1,200 கிலோ எடையுள்ள கார் என்றால் இழுப்பு ஏறத்தாழ 120 கிலோ. பாரத்தோடு 10 டன் எடையுள்ள லோரி என்றால் ஒரு டன். தடையே இல்லாமல் விட்டால் அந்த ஏற்றத்தில் கார் முதல் வினாடியில் ஏறக்குறைய அரை மீட்டர் பின்னால் போகும். இரண்டு வினாடி முடிவதற்குள் இரண்டு மீட்டர் போய்விடும். நேரம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்காகிறது என்பதைக் கவனியுங்கள். நெரிசலில் பின் காருக்கும் நமக்கும் நடுவே பல நேரம் அந்த இரண்டு மீட்டர்கூட இருப்பதில்லை.

அந்நாளில் மாட்டு வண்டிக்காரர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்? மேட்டில் மாடு களைத்து நின்றால், வண்டிக்காரர் இறங்கிச் சக்கரத்தின் பின்னே ஒரு கல்லையோ கட்டையையோ வைப்பார். மாடு மீண்டும் இழுத்து நுகத்தடியில் பாரம் ஏறிய பிறகே கல்லை எடுப்பார். தேக்கா வட்டாரமே ஒரு காலத்தில் மாட்டுத் தொழிலுக்குப் பேர்போன இடம். அங்குள்ள பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் எருமையின் பெயரைத் தாங்கியவை.

இழுக்கும் மாடு பாரத்தை வாங்கிக்கொள்ளும் வரை கல்லை எடுக்கக் கூடாது. காருக்கும் விதி இதுவே. காரில் கல்லுக்குப் பதிலாக பிரேக். மாட்டுக்குப் பதிலாக எஞ்சின். பிரேக் விடுவதற்கு முன்பே எஞ்சின் பிடித்துக்கொள்ள வேண்டும். இருவர் பால் வாளியைக் கைமாற்றும்போது, வாங்குகிறவர் இறுகப் பிடித்த பிறகுதானே கொடுக்கிறவர் கையை விடுகிறார்?

கியர் மாற்றி ஓட்டும் காரில் மூன்று மிதிகள், காலோ இரண்டு. இடது கால் கிளட்சுக்கு. வலது கால் பிரேக்கிலிருந்து எடுத்து ஆக்சிலரேட்டருக்கு மாற வேண்டும். அந்த இடைவெளியில்தான் கார் பின்னால் உருள்கிறது. அதை அடைப்பது ஹேண்ட் பிரேக். முறை இதுதான்.

முதலில் ஹேண்ட் பிரேக்கை இறுக இழுத்துவிட்டு, கிளட்சை முழுவதும் மிதித்து முதல் கியரில் போட வேண்டும். பிறகு ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்துக்கொண்டே கிளட்சைச் சிறிது சிறிதாக விட வேண்டும். ஓரிடத்தில் எஞ்சினின் ஓசை கனக்கும்; காரின் முன்பக்கம் இலேசாகத் தூக்குவதுபோல் இருக்கும். கிளட்ச் பிடித்துவிட்டது, எஞ்சின் பாரத்தை வாங்கிக்கொண்டது என்பதற்கு அதுவே அடையாளம். அப்போது ஹேண்ட் பிரேக்கை விடுவித்தால் கார் முன்னோக்கியே நகரும். அவசரம் கூடாது. கிளட்சைச் சட்டென்று விட்டால் எஞ்சின் நின்றுபோகும். கிளட்சைப் பாதி மிதித்த நிலையிலேயே மேட்டில் நெடுநேரம் காரைத் தாங்கிப் பிடித்தால் கிளட்ச் தேய்ந்து சூடாகிக் கருகல் நாற்றம் அடிக்கும்.

சிங்கப்பூரில் 3ஆம் வகுப்பு உரிமம் கியர் மாற்றி ஓட்டும் காருக்கும் உரியது. 3ஏ வகுப்பு தானியங்கிக் கியர் காருக்கு மட்டும். பயிற்சி நிலையத் திடலில் இதற்கென்றே ஒரு செயற்கை மேடு கட்டியிருப்பார்கள். அதில் ஏறி, நடுவில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மீண்டும் கிளம்பிக் காட்ட வேண்டும். நம் நாட்டுத் தேர்விலும் மேடேறும் பகுதி உண்டு. நம் பிள்ளைகளுக்குக் கைகால் வலிமைக்குக் குறைவில்லை. இங்கே வேண்டியது பொறுமையும், காதைத் தீட்டி எஞ்சினின் ஓசையைக் கேட்பதும்தான்.

இந்த வேலையை இயந்திரமே செய்துவிட்டால் என்ன என்று அறிஞர்கள் அக்காலத்திலேயே எண்ணினார்கள். 1936ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் நிறுவனம் 'ஹில் ஹோல்டர்' என்ற கருவியைத் தன் காரில் பொருத்திக் கொடுத்தது. பிரேக் எண்ணெய் செல்லும் வழியில் ஒரு சிறு குண்டு இருக்கும். கார் மேட்டை நோக்கி நிமிர்ந்தால் அது பின்னுக்கு உருண்டு வழியை அடைக்கும். எண்ணெயின் அழுத்தம் உள்ளேயே தங்குவதால், மிதியிலிருந்து காலை எடுத்தாலும் பிரேக் பிடித்தபடி இருக்கும். கிளட்சை விடும்போது அதனோடு இணைந்த உறுப்பு அந்தக் குண்டை நகர்த்த, பிரேக் விடுபடும். பின்னாளில் ஜப்பானின் சுபாரு கார்களிலும் இத்தகைய கருவி வந்தது.

இன்றைய கார்கள் பலவற்றில் குண்டுக்குப் பதிலாக மின்னணுக் கருவி இருக்கிறது. கார் சாய்ந்திருப்பதை ஓர் உணர்கருவி அறிவிக்கும். ஓட்டுநர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் சிறு கணினி பிரேக்கின் அழுத்தத்தை விடாமல் வைத்திருக்கும். எஞ்சின் பாரத்தை வாங்கியதும் விட்டுவிடும். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இது பெரும்பாலான கார்களில் ஏறக்குறைய இரண்டு வினாடிதான் காக்கும். காலை மாற்றுவதற்கு அது போதும். இறங்கிக் கதவைத் திறப்பதற்குப் போதாது. கருவி காக்கும் என்று அசந்திருந்தால் மூன்றாவது வினாடியில் கார் உருளத் தொடங்கும். தானியங்கிக் கியர் காரும் அப்படியே. கியரில் இருக்கும்போது அது முன்னோக்கிச் சற்றே தள்ளும்; இலேசான மேட்டில் அது போதும், செங்குத்தான மேட்டில் போதாது. ஆகவே எந்தக் காரானாலும் மேட்டில் நின்றால் பிரேக்கை மிதித்தே இருக்க வேண்டும்.

மேட்டில் வண்டியை விட்டு இறங்குகிறவர்கள் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கியரிலும் போட வேண்டும். முன்பக்கம் மேட்டை நோக்கியிருந்தால் முதல் கியர், பள்ளத்தை நோக்கியிருந்தால் ரிவர்ஸ், தானியங்கிக் கார் என்றால் 'பி' என்ற நிலை. பாரமேற்றிய லோரிக்குச் சக்கரத்தின் அடியில் கட்டையும் வைக்க வேண்டும். மாட்டு வண்டிக் காலத்து அறிவு இன்றும் செல்லுபடியாகும்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மேட்டில் நிற்கும் வண்டியின் பின்னாலோ, அதற்குக் கீழே உள்ள பாதையிலோ பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். உயரத்தில் அமர்ந்திருக்கும் லோரி ஓட்டுநரின் கண்ணுக்குப் பின்னால் நிற்கும் குழந்தை தெரியாது. வண்டி உருளத் தொடங்கிவிட்டால் கையால் தடுக்கவும், ஓடிப்போய்க் கல் வைக்கவும் யாரும் முனையக் கூடாது. சிறிய காரே 120 கிலோ பலத்தோடு இழுக்கும்போது மனிதர் எம்மாத்திரம்? பக்கவாட்டில் விலகி, கீழே இருப்பவர்களைக் கூவி எச்சரிப்பதே அறிவுடைமை. உருண்ட வண்டியைப் பட்டறையில் சரி செய்துகொள்ளலாம்.

உங்கள் வீட்டில் யாரேனும் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தால், எஞ்சின் பாரத்தை வாங்கிய பிறகே பிரேக்கை விட வேண்டும் என்று இன்றிரவே அவர்களிடம் சொல்லி வையுங்கள்.