எதற்கு மாற்று?



‘புகைத்தலுக்கு மாற்றாக மின்சிகரெட்’ என்று இந்தக் கருத்தரங்கின் அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த ‘மாற்று’ என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை. பொன்னுக்கு மாற்று உண்டு, நஞ்சுக்கும் மாற்று உண்டு. இது எந்த மாற்று?

போன வாரம் புறநோயாளிப் பிரிவுக்கு ஒரு லேத் தொழிலாளி வந்தார். “காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடி?” என்று கேட்டேன். “டீயும் பீடியும் உள்ளே போனாத்தான் சார் வயிறே இறங்கும்” என்றார். நிக்கோட்டினுக்கு எவ்வளவு அடிமை என்று அளக்கும் ஃபாகர்ஸ்ட்ராம் அளவுகோலில், எழுந்த 5 நிமிடத்துக்குள் பற்றவைப்பவருக்கு 3 மதிப்பெண். இளம் மருத்துவர்களே, மற்றக் கேள்விகளைக் கேட்காவிட்டாலும் இதைக் கேட்காமல் விடாதீர்கள். இழுத்த புகையிலிருந்து நிக்கோட்டின் 10, 20 நொடிகளில் மூளைக்குப் போய்விடுகிறது. சுமார் 2 மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறைகிறது. இரவெல்லாம் வற்றிக் கிடந்த மூளை விடிந்ததும் கேட்பது அதைத்தான். ஆளைக் கொல்வது பெரும்பாலும் கூடவே வரும் தார். புகைப்பழக்க ஆய்வாளர் மைக்கேல் ரஸ்ஸல் 1976இலேயே இதைப் பிரித்துச் சொல்லிவிட்டார்.

அப்படிப் பிரித்துக் கொடுக்க வந்ததுதான் மின்சிகரெட்: இலையை எரிப்பதில்லை, நிக்கோட்டின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்குகிறது. இங்கிலாந்தில் 886 பேரிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், ஓராண்டு கழித்துப் புகையை விட்டிருந்தவர்கள், மின்சிகரெட் பெற்றவர்களில் 18 சதவீதம். நிக்கோட்டின் கம், ஒட்டுப்பட்டை வகைகளைப் பெற்றவர்களில் 9.9. நல்ல முன்னேற்றம், மறுக்கமாட்டேன். ஆனால் மின்சிகரெட்டால் விட்டவர்களில் 80 சதவீதம் பேர் அப்போதும் மின்சிகரெட்டைக் கையில் வைத்திருந்தார்கள். புகைக்கு மாற்று கிடைத்தது, நிக்கோட்டினுக்கு இல்லை. நாற்பது ஆண்டு புகைத்தவருக்கு இது லாபம். மாம்பழ வாசனைக்கு மயங்கித் தொடும் பள்ளிப் பிள்ளைக்கு முழு நட்டம்.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் தடைசெய்தது. முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை. பிள்ளைகளை நினைத்தால் சரிதான். ஆனால் பீடி பற்றவைக்கும் பெட்டிக்கடைக் கயிற்றின் நுனியில் கங்கு மட்டும் அணையவில்லை.

2016–17 தேசியக் கணக்கெடுப்பின்படி வயதுவந்தோரில் பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவீதம், சிகரெட் 4, புகையற்ற புகையிலை 21.4. நம் கருத்தரங்குகளிலோ சிகரெட்காரர்தான் கதாநாயகர்.

அந்த லேத் தொழிலாளிக்கு முன்பே நிக்கோட்டின் கம் எழுதிக் கொடுத்திருந்தோம். விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம் என்றார். பபிள்கம் போல மென்று எச்சிலை விழுங்கியிருக்கிறார்! மருந்து கன்னத்துச் சவ்வு வழியே அல்லவா ஏற வேண்டும். தவறு அவருடையது அல்ல, சீட்டை எழுதி நீட்டிய எங்களுடையது. “நாலு கடி கடிச்சு, சுள்ளுன்னதும் புகையிலை மாதிரி ஓரமா அதக்கிக்குங்க” என்றேன். “இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே” என்றார்.

முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன். உங்கள் கட்டுரையில் பீடிக்காரர் எந்தப் பக்கத்தில் வருகிறார் என்று கேட்பேன் ஐயா, தயாராக வாருங்கள்.