கூரை மின்சாரமும் கொடுக்கல் வாங்கலும்

(ஜமாஅத் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



நம் இல்லங்கள் பலவற்றின் கூரைகளில் இன்று சோலார் தகடுகள் காணப்படுகின்றன. அவற்றின் விலையைத் துருவித் துருவி விசாரிக்கும் நாம், எஞ்சும் மின்சாரத்தை விற்பதற்கான ஒப்பந்தத்தை வாசிப்பது அரிது. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282ஆம் வசனம், தவணைக் கடனை எழுதிக்கொள்வது பற்றியே பேசுகிறது. கொடுக்கல் வாங்கலில் எழுத்துக்கு மார்க்கம் வழங்கிய இடம் அத்தகையது. அவ்வாறிருக்க, இருபது வருட உடன்படிக்கையை வாசியாமல் கையொப்பமிடுவது முறையாகுமா?

2016ஆம் ஆண்டு நம் நாட்டில் ஆரம்பமான 'சூரியபல சங்கிராமய' திட்டம், முன்பிருந்த நெட் மீட்டரிங் முறையுடன் மேலும் இரண்டைச் சேர்த்தது. நெட் மீட்டரிங்கில் எஞ்சும் அலகுகளுக்குப் பணம் கிடைக்காது. அவை அடுத்த மாதக் கணக்கில் வரவாகும். நெட் எக்கவுண்டிங்கில் எஞ்சும் அலகுகளுக்குப் பணம் கிடைக்கும். நெட் பிளஸ்ஸில் உற்பத்தி முழுவதும் விற்கப்படும். வீட்டுப் பாவனைக்கு வழமையான கட்டணம் தனியே செலுத்தப்படும்.

அன்றைய நெட் எக்கவுண்டிங் ஒப்பந்தப்படி, முதல் 7 வருடங்களுக்கு ஓர் அலகு 22 ரூபா. அடுத்த 13 வருடங்களுக்கு 15.50 ரூபா. மாதம் 400 அலகு உற்பத்தி செய்து 300ஐப் பாவிப்பவருக்கு 2,200 ரூபா கிடைக்கும். எட்டாம் வருடத்தில் அதே 100 அலகுகளுக்கு 1,550 ரூபாவே கிடைக்கும். இது ஏமாற்றப்பட்டதன்று, எழுதப்பட்டது. புதிய ஒப்பந்தங்களுக்கான விலை 2022இல் உயர்ந்து, பின்னர் குறைந்தது. ஆகவே அயலவர் பெறும் விலையை நம்பி எவரும் கணக்கிடலாகாது.

மின்வெட்டிலும் வீடு ஒளிரும் என்பது மற்றொரு தவறான எண்ணம். சேமிப்பு பெட்டரி இல்லாத தொகுதி, மின்தடையின்போது தானாகவே நின்றுவிடும். கம்பியில் பணிபுரியும் ஊழியரின் உயிரைக் காக்கவே இவ்வேற்பாடு. அன்றியும், 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் மின்பாவனை குறைந்தபோது, பிற்பகல் 3 மணி வரை கூரைத் தொகுதிகளை நிறுத்துமாறு உரிமையாளர்களை இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. விளைந்ததெல்லாம் எந்நாளும் விலைபோகும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

எனவே சகோதரர்களே, வருமான ஆசையால் பெரிய தொகுதியை நாடாது, வீட்டுத் தேவையை அளந்து பொருத்துங்கள். வட்டிக் கடனைத் தவிர்த்து, இஸ்லாமிய நிதிப் பிரிவுகளின் வழிகளை ஆராயுங்கள். விலை, காலம், இடையில் விலை மாறும் வருடம் ஆகிய மூன்றையும் உங்கள் ஒப்பந்தத்திலேயே பாருங்கள். அதன் பிரதியை மனைவி மக்கள் அறியும் இடத்தில் வையுங்கள். இருபது வருடங்களுக்குப் பின் நம்மில் எவர் இருப்போம் என்பதை அல்லாஹ்வே அறிவான். நாம் இட்ட கையொப்பம் நம் வாரிசுகளுக்குச் சுமையாகிவிடக் கூடாது.

நம் கொடுக்கல் வாங்கல்களைத் தூய்மையாக்கி, அவற்றில் பரக்கத் செய்ய வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.