பெண்ணுக்கேற்ற வேலை என்பது யார் போட்ட கணக்கு?

(வாலிபர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



ஆணுக்கு இன்ன வேலை, பெண்ணுக்கு இன்ன வேலை என்று பிரித்து வைத்திருக்கிறார்களே, அதைப் பற்றியே இன்று நாம் பேச எடுத்துக் கொண்டோம். இப்பிரிவினையை யார் செய்தது என்று வைதிகரைக் கேட்டால் கடவுள் செய்தார் என்பார். கடவுளை ஒப்பாத படித்தவரைக் கேட்டாலோ இயற்கை செய்தது என்பார். கடவுள் இருந்த இடத்தில் இயற்கையைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டால் மட்டும் பகுத்தறிவு வந்துவிடுமா? வராது. ஆகையால் ஓர் ஊரில் நடந்ததை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம்.

நீங்கள் நெல் கட்டுவதும், மளிகைக் கடையில் பருப்பு கொட்டி வைப்பதும் கோணிச் சாக்கு அல்லவா? அந்தச் சணல் சாக்கை இயந்திரத்தில் நெய்து உலகத்திற்கெல்லாம் அனுப்பிய ஊர் ஸ்காட்லாந்து தேசத்தில் டே நதிக்கரையில் உள்ள டண்டீ நகரம். சணல் விளைந்தது வங்காளத்தில், நெய்தது அங்கே. நாரை மென்மைப்படுத்தத் திமிங்கில எண்ணெயும் அத்துறைமுகத்திலேயே கிடைத்தது. இரண்டு உலக யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், அதாவது 1918-க்கும் 1939-க்கும் நடுவில், அங்கே சுமார் 1,75,000 ஜனங்கள் இருந்தார்கள். சணல் ஆலைகளே ஊருக்குச் சோறு போட்டன. அந்த ஆலைகளில் மூவரில் இருவர் என்ற அளவுக்குப் பெண்கள். அவர்களில் கலியாணமானவர்களும் ஏராளம்.

பேல்களைத் தூக்குவதும், இயந்திரங்களைப் பழுது பார்ப்பதும், மேஸ்திரி வேலையும் ஆண்களுக்கு. நூல் நூற்பதும், சுற்றுவதும், தறி ஓட்டுவதும் பெண்களுக்கு. கப்பல் கட்டும் துறையும், ரயிலும், துறைமுகமும் ஆண்களுடையவை. பழப்பாகு செய்யும் தொழிற்சாலைகளில் பெண்கள். இதற்கு முதலாளிகள் சொன்ன நியாயம் என்னவென்றால், பெண்ணின் விரல் மெல்லியது, லாவகமானது, நூலுக்கென்றே அமைந்தது என்பதாகும்.

சரி, விரலின் மகிமை என்றே வைத்துக்கொள்வோம். இதே சணலை, இதே டண்டீயில் செய்த இயந்திரங்களைக் கொண்டு, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஹூக்ளி நதிக்கரையில் 1855 முதல் நூற்று வந்தார்கள். 1914-ம் வருஷத்து யுத்தத்திற்கு முன்பே அவ்வாலைகள் டண்டீயை மிஞ்சிவிட்டன. மேல் உத்தியோகங்களில் பலவற்றில் டண்டீயிலிருந்து போன ஆண்களே இருந்தார்கள். அங்கே நூற்றதும் நெய்ததும் யார்? ஆண்கள்! பெண்கள் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. நார் தயார் செய்வதும், சாக்குத் தைப்பதும் போன்ற குறைந்த கூலி வேலைகளே அவர்களுக்குக் கிடைத்தன. ஒரே நார், ஒரே மாதிரி இயந்திரம், ஒரே வேலை. டே நதிக்கரையில் அது பெண்ணின் சுபாவம். ஹூக்ளி நதிக்கரையில் ஆணின் சுபாவம். சமுத்திரத்தைத் தாண்டினால் இயற்கை மாறிவிடுமா, தோழர்களே?

சமுத்திரத்தைத் தாண்டவேண்டிய அவசியம்கூட இல்லை. டண்டீயிலேயே நடந்ததைக் கேளுங்கள். 1930-களில் வேகமாக ஓடும் புதிய நூற்பு இயந்திரங்களை முதலாளிகள் வாங்கிப் போட்டார்கள். போட்ட பணம் திரும்ப வேண்டுமானால் இரவும் பகலும் ஓட்டியாக வேண்டும். ஆனால் பெண்களை இரவில் ஆலையில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம் இருந்தது. 1919-ல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழில் மகாநாடும் அப்படியே தீர்மானித்திருந்தது. உடனே என்ன செய்தார்கள்? ஆண்களைக் கூப்பிட்டு அந்த நூற்பு இயந்திரங்களின் முன் நிறுத்தினார்கள். தலைமுறை தலைமுறையாய்ப் பெண்ணின் விரலுக்கென்றே அமைந்திருந்த வேலை, இரவு ஷிப்டு வந்தவுடன் ஆணின் விரலுக்கும் அமைந்துவிட்டது. அந்த விரலை அமைத்தது கடவுளா, இயற்கையா, முதலாளியின் கணக்குப் புத்தகமா என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்தக் கணக்கு மிகவும் சுலபமானது. பெண்ணுக்குக் கூலி குறைவு. ஆகவே பெண்ணுக்கு வேலை. சிறுவனுக்கும் கூலி குறைவு. ஆகவே சிறுவனுக்கும் வேலை. அவனுக்குப் பதினெட்டு வயதாகி ஆண்பிள்ளைக் கூலி கொடுக்கவேண்டி வந்ததும் வெளியே போ என்று சொல்லிவிடுவார்கள். அவன் பட்டாளத்தில் சேருவான். அல்லது வேலையின்றி வீட்டிலிருப்பான். இப்படி வீட்டிலிருந்த ஆண்களை ஊரார் "கெண்டியில் வெந்நீர் வைப்பவர்கள்" என்று கேலி செய்தார்கள். பெண்கள் உழைத்துப் போடும் ஊர் என்பதால் நகரத்துக்கே பெண்பட்டணம் என்று பரிகாசப் பெயர் இட்டார்கள். ஆண் ஒருவன் அடுப்புப் பற்ற வைத்தால் கேலி. பெண் ஒருத்தி பகலெல்லாம் ஆலையில் நின்றுவிட்டு வந்து அதே அடுப்பைப் பற்ற வைத்தால் அது தர்மம்! வெள்ளைக்காரர் தேசத்திலும் ஒரு மனு இருந்திருக்கிறார் போலும்.

ஜாதிகூட இருந்தது. தறி ஓட்டும் பெண் தொப்பியும் கையுறையும் அணிந்து வேலைக்குப் போவாள். நூற்கும் பெண் தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு போவாள். இருவருக்கும் ஒரே முதலாளி. ஆனாலும் தொப்பிக்காரி சால்வைக்காரியைத் தன்னிலும் தாழ்ந்தவள் என்று நினைத்தாள். தனக்கு மேலே இருப்பவன் தன்னை மிதிப்பதை மறப்பதற்குத் தனக்குக் கீழே ஒருத்தி வேண்டியிருக்கிறது. இதைத்தானே நம் நாட்டில் வர்ணாசிரமம் என்ற பெயரால் படிப்படியாகக் கட்டி வைத்தார்கள்?

கலியாண விஷயத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஆணோ பெண்ணோ என்பதாலும், மணமானவர் என்பதாலும் ஒருவரை உத்தியோகத்திலிருந்து விலக்கக் கூடாது என்று 1919-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டம் செய்தது. ஆனால் உபாத்தியாயினியும், சர்க்கார் பெண் குமாஸ்தாவும் கலியாணம் செய்து கொண்டால் வேலையை விடவேண்டும் என்ற வழக்கம் 1940-களின் நடுப்பகுதி வரை நீடித்தது. ஏன்? மணமான பெண்ணின் இடம் வீடு என்றார்கள். அதே டண்டீயில் மணமான ஆலைக்காரியை வீட்டுக்குப் போ என்று யாராவது சொன்னார்களா? இல்லை. அவள் மலிவாயிற்றே! நல்ல சம்பளமுள்ள நாற்காலி என்றால் பெண்ணுக்கு வீடு ஞாபகப்படுத்தப்படும். புழுதியும் இரைச்சலும் என்றால் அவளுக்கு வீடு இருப்பதே மறந்து போகும். தறிச் சத்தத்தில் காது செவிடாகிப் பிறர் உதடசைவைப் பார்த்தே பேச்சை அறிந்துகொண்ட பெண்கள் அவ்வூரில் எத்தனையோ பேர்.

வேலை போனபோதும் இதே நியாயந்தான். 1931-ல் வேலையில்லாதார் உதவிப் பணத்தில் ஒரு புதிய சட்டம் கொண்டு வந்தார்கள். அதன்படி மணமான பெண், வேலையிருந்த காலத்தில் மற்றவர்களைப் போல் சந்தா கட்டியிருந்தும், தனக்கு இனியும் வேலை கிடைக்கக்கூடும் என்று தனியாக ருசுப்படுத்த வேண்டும். கட்டும்போது தொழிலாளி, கேட்கும்போது மனைவி! இத்தனைக்கும் அப்போது தொழில் மந்திரியாக இருந்தவர் பிரிட்டனின் முதல் பெண் மந்திரியான மார்கரெட் பாண்ட்பீல்டு அம்மையார். அதே 1931-ல் டண்டீ நகரத்திலிருந்து பிளாரன்ஸ் ஹார்ஸ்பரோ என்ற பெண்மணி பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆகவே ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து விட்டால் மட்டும் எல்லாப் பெண்களின் கஷ்டமும் தீர்ந்துவிடாது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

"பெண்ணுக்குச் சம்பாத்தியம் இருந்தும் டண்டீயில் அவள் விடுதலை அடையவில்லையே, பிறகு உத்தியோகம் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். அரை வயிற்றுக்குச் சோறு போட்டு, பசி தீரவில்லையே, சோறு எதற்கு என்று கேட்பது போன்றது இது. சம்பாத்தியம் வேண்டும். அதோடு சம கூலியும், மேல் வேலைகளில் பங்கும், சொத்தும், வீட்டு வேலையில் ஆணின் கையும் வேண்டும். 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மகாநாடு பெண்களுக்குச் சொத்துரிமையையும் உத்தியோக உரிமையையும் சேர்த்தே கேட்டது இதனால்தான்.

20-ம் நூற்றாண்டு முடிவதற்குள் சணல் தொழில் டண்டீயை விட்டே போய்விட்டது. ஆனால் அந்தக் கணக்கு போகவில்லை. உங்கள் ஊர் வயலைப் பாருங்கள். ஏர் ஆணுக்கு, நடவும் களையெடுப்பும் பெண்ணுக்கு என்றார்கள். குனிந்து நடுவது பெண்ணின் சுபாவமாம். அதற்குக் கூலியும் குறைவாம். அரிவாள் பிடித்துப் பெண்கள் அறுத்த கதிரை இன்று இயந்திரம் அறுக்கிறது. அதன் மேல் உட்கார்ந்து ஓட்டுகிறவர் பெரும்பாலும் யார்? ஆண்! கூலி உயர்ந்ததும் சுபாவம் மாறிவிட்டது. சம வேலைக்குச் சம கூலி என்று நம் நாட்டில் 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டத்தைப் புத்தகத்தில் வைத்துவிட்டுக் கூலியைப் பழைய மாதிரியே கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆகவே தோழர்களே, யாராவது உங்களிடம் இது பெண் வேலை, இது ஆண் வேலை என்று சொன்னால், கடவுளையும் இயற்கையையும் பற்றி விவாதித்துக் கொண்டிராதீர்கள். இதற்குக் கூலி என்ன, இதனால் லாபம் யாருக்கு என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். நம் வீட்டுப் பெண்களை எந்தத் தொழிலுக்கும் படிக்க வையுங்கள். நம் வயலிலும் கடையிலும் சமமாகக் கூலி கொடுங்கள். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் அடுப்பண்டை நீங்களே போய் வெந்நீர் வையுங்கள். கேலி செய்கிறவர்கள் செய்து கொள்ளட்டும்.