சிங்க்குக்குக் கீழே தண்ணீர் கசிந்தால் என்ன செய்வது?



சுகாதாரக் கூட்டத்தில் குழாய்க் கசிவைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். தரையில் தண்ணீரைக் கண்டால் நம்மில் பலர் துணியை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். டைல்ஸ் தரையில் கால் வழுக்கக் கொஞ்சம் ஈரமே போதும். குழாயை ஒரே நாளில் சரிசெய்துவிடலாம். இடுப்பெலும்பு முறிந்தால் குணமாகப் பல மாதங்கள் ஆகும். ஆகவே, முதலில் உங்களைக் காத்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீரைப் பாருங்கள்.

இன்றே செய்யக்கூடியவை

சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரியைத் திறந்து பாருங்கள். குழாய்க்குத் தண்ணீர் வரும் பைப்பில் ஒரு சிறிய வால்வு இருக்கும். கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால் அது மூடும். வீட்டுக்கே தண்ணீரை நிறுத்தும் பெரிய வால்வு பெரும்பாலும் தண்ணீர் மீட்டருக்கு அருகில் இருக்கும். அது எங்கே என்று பிள்ளைகளிடம் கேட்டு, ஒருமுறை மூடித் திறந்து பழகுங்கள். இறுகிப்போயிருந்தால் பலவந்தம் செய்யாதீர்கள். குழாய்ப் பணியாளரை அழைத்துச் சரிசெய்யுங்கள். பேரப்பிள்ளையிடம் சொல்லி வால்வில் சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டச் சொன்னால், அவசரத்தில் தேட வேண்டாம்.

அலமாரியில் பிளீச்சையும் கழிவறை கழுவும் அமிலத்தையும் ஒன்றாக வைக்காதீர்கள். கசிவில் இரண்டும் கலந்தால் நச்சு வாயு உண்டாகும். அரிசி, பருப்பையும் அங்கே வைக்க வேண்டாம்.

கசிவைக் கண்டவுடன்

முதலில் விளக்கைப் போடுங்கள். வழுக்காத காலணி அணியுங்கள். அருகில் தண்ணீர் வடிகட்டி, ஹீட்டர் போன்றவற்றின் மின்செருகி இருந்து, அங்கே தண்ணீர் பட்டிருந்தால் அதைத் தொடாதீர்கள். மெயின் சுவிட்ச் இருக்கும் இடம் காய்ந்திருந்தால் மட்டும், உலர்ந்த கையால் அதை அணையுங்கள். அங்கும் ஈரமென்றால் விலகி நின்று உதவிக்கு அழையுங்கள்.

பிறகு வால்வை மூடுங்கள். மண்டியிடச் சிரமமாக இருந்தால் உறுதியான நாற்காலியில் அமர்ந்துகொள்ளுங்கள். கைக்கு எட்டாவிட்டால் மீட்டர் பக்கத்து வால்வை மூடினால் போதும். மூடியபின் அண்டைவீட்டாரையோ பிள்ளைகளையோ கூப்பிடுங்கள். இரவு இரண்டு மணியானாலும் தயங்க வேண்டாம். நீங்கள் தனியாக விழுந்து கிடப்பதைவிட அவர்கள் தூக்கம் கலைவது மேல்.

எங்கே கசிகிறது?

பைப்புகளைத் துடைத்துவிட்டு, இணைப்புகளைச் சுற்றிக் காய்ந்த டிஷ்யூ தாளை வையுங்கள். குழாயைத் திறக்காமலே தாள் நனைந்தால், தண்ணீர் வரும் பைப்பில் கோளாறு. வால்வை மூடியே வைத்து, உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரை அழையுங்கள். வேலை தொடங்குமுன் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவும்போது மட்டும் நனைந்தால், கழிவுநீர்ப் பைப்பில் கோளாறு. சரிசெய்யும்வரை அந்த சிங்க்கைப் பயன்படுத்தாதீர்கள்.

கசிவு நின்ற பிறகு

கீழே வைத்த வாளியை நாள்தோறும் காலி செய்யுங்கள். 20 காசு நாணயம் அளவுத் தண்ணீரிலும் ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்கியைப் பரப்புவது அதுதான். அலமாரிக் கதவைத் திறந்து, நன்றாகக் காயும்வரை காற்றோட்டமாக விடுங்கள். ஈரப் பலகையில் பூஞ்சை பிடித்தால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறல் கூடும்.

ஒருவேளை விழுந்துவிட்டால் அவசரப்பட்டு எழாதீர்கள். கடும் வலி இருந்தால், கால் ஊன்ற முடியாவிட்டால், தலையில் அடிபட்டிருந்தால் 995-ஐ அழையுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள், தலையில் இலேசாக அடிபட்டிருந்தாலும் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தனியாக இருக்கும் உங்கள் தோழிக்கும் அண்டைவீட்டாருக்கும் காட்டிக்கொடுங்கள்.