சங்கிலி வேண்டாம், துணை வேண்டும்



யாருமில்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்று ஒருவன் சொன்னால் பேய் என்கிறோம், சங்கிலியைத் தேடுகிறோம். சங்கிலி என்ன செய்யும்? 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றியபோது, கட்டிப்போட்ட மனநோயாளிகள் ஓட வழியின்றி மாண்டார்கள், 28 பேர்! சங்கிலியிடுவதை 2017-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டம் வீட்டுக்குள் வந்து பூட்டைத் திறக்குமா?

ஹாலந்தில் பாட்சி ஹாக் என்ற பெண்ணுக்கு ஓயாமல் குரல் கேட்டது. மருந்தால் குரல் நிற்கவில்லை. 1987-ல் அவரும் டாக்டர் மாரியஸ் ரோமும் டெலிவிஷனில் தோன்றி, இப்படிக் கேட்பவர்கள் தொடர்புகொள்ளுங்கள் என்றார்கள். குரல் கேட்கும் சுமார் 450 பேர் பதில் தந்தார்கள்! அதில் 150 பேர் குரலைச் சமாளித்து வாழ்கிறவர்கள். உட்ரெக்ட் நகரில் கூடினார்கள். பட்டவர் பட்டவருக்கு வழி சொன்னார். இன்று பல நாடுகளில் இப்படிக் குழுக்கள் உண்டு.

மருந்து வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 14416-க்குப் போன் செய்தால் காசில்லாமல் பேசலாம். ஆனால் கூடப் போகிறவருக்கு ஒருநாள் கூலி போகுமே? அதுதான் நம் வீடுகளில் கஷ்டம். அந்தக் கூலியைத் தெருவார் பங்கிட்டுக் கொடுக்க முடியுமா? இன்றைக்கே பேசி முடிவு செய்யுங்கள்.